சுகப்பிரசவம்: கர்ப்பிணித் தாய்மாரின் உளநலமும் மருத்துவிச்சியின் பணியும்

ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் அயல்வீட்டுக்குப் போகும் முதற் செய்தி, "சுகப்பிரசவம், தாயும் பிள்ளையும் சுகம்" என்பதுதான். ஆணா பெண்ணா என்ற கேள்வி அதன் பிறகே வரும். இந்தச் 'சுகம்' எதைக் கொண்டு அளக்கப்படுகிறது? இரத்தப் போக்கு நின்றுவிட்டது, பிரஷர் இறங்கிவிட்டது, பிள்ளை அழுதது, பால் குடித்தது. எல்லாம் உடம்பைப் பற்றியவை. தாயின் உள்ளம் சுகமா என்று எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் அதைக் குறும்பாகவோ குறையாகவோ எடுத்துக்கொள்வார்கள்.

கர்ப்ப காலத்திலும் பிரசவத்தின் பின்னரும் தாய்மாரின் உளநலம் பற்றி உலகில் நிறைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றுள் எமக்கு நெருக்கமான சிலவற்றை எடுத்து, எமது ஊவா மாகாணத்தோடு, குறிப்பாக மொனராகலையோடும் அதற்கு மேலே பசறை, மடுல்சீமை, லுணுகலை என்று நீளும் பதுளைத் தோட்டங்களோடும் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீடு தேடி வரும் உத்தியோகத்தர்

இலங்கையில் மகப்பேற்றுக்கென்று தனி மனை ஒன்று கொழும்பில் 1879இல் டி சொய்சாவின் கொடையால் உருவானது. ஆனால் கிராமத்துத் தாயின் தலைவிதியை மாற்றியது அந்தக் கட்டடத்தை விட 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதாரப் பிரிவுதான் என்று சொல்ல வேண்டும். ஒரு பிரதேசத்தை எல்லை பிரித்து, அதற்கொரு வைத்திய அதிகாரியை நியமித்து, அவருக்குக் கீழ் மருத்துவிச்சிமாரை வீடு வீடாக அனுப்பும் முறை அங்கிருந்துதான் நாடு முழுதும் பரவியது. இன்று நாம் குடும்பநல உத்தியோகத்தர் என்றும், பேச்சில் 'மிட்வைப் மிஸ்' என்றும் அழைப்பவர் அந்த முறையின் கடைசிக் கண்ணி. ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு.

1930களின் நடுப்பகுதியில், மலேரியாக் கொள்ளைநோய் பரவிய ஆண்டுகளில், ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இந்நாட்டில் இறந்தார்கள். அந்த எண்ணிக்கை இந்த நூற்றாண்டில் 40க்கும் கீழே வந்திருக்கிறது. வைத்தியசாலைகள், மலேரியாக் கட்டுப்பாடு, பெண் கல்வி, இலவச சுகாதாரம் என்று இதற்குக் காரணங்கள் பல. ஆனால் கர்ப்பிணியின் பெயரை முதலில் பதிவேட்டில் எழுதி, கால் வீக்கத்தைப் பார்த்து, "இதோடு வீட்டில் இருக்கக் கூடாது, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொன்னவர் பெரும்பாலும் அந்த மிஸ்தான்.

மொனராகலையில் 3,000 பேர் என்பது நகரத்தில் உள்ளது போன்ற 3,000 அல்ல. பரப்பில் மிகப் பெரிய மாவட்டங்களில் ஒன்று இது. சனமோ மிக ஐதாகவே வாழ்கிறது. பிபிலை தொடக்கம் தணமல்வில வரை 11 பிரதேச செயலகப் பிரிவுகள். பஸ் இறங்கி யானை வேலியோரம் நடந்து போக வேண்டிய வீடுகள் இங்கே உண்டு.

தோட்டங்களின் கதை வேறு. ஆங்கிலேயர் காலத்திலிருந்து தோட்டத்து நோயாளியைப் பார்ப்பது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவே இருந்தது. ஒரு டிஸ்பென்சரி, ஒரு தோட்ட வைத்திய உதவியாளர், ஒரு மருத்துவிச்சி, ஒரு பிள்ளை மடுவம். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. அரசாங்கத்தின் வீடு தேடி வரும் சேவை லயங்களுக்குள் ஒழுங்காக நுழைந்தது கிராமங்களை விடப் பிந்தித்தான். அந்தப் பிந்தலின் அடையாளம் இன்னும் அழியவில்லை.

நோயா, குணமா?

பிள்ளை பெற்ற மூன்றாம் நான்காம் நாளில் தாய் காரணமில்லாமல் அழுவதும் எரிந்து விழுவதும் மிகச் சாதாரணம். பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு இது வருகிறது. இரண்டு வாரத்திற்குள் தானாகவே போய்விடுகிறது. இது நோயல்ல. மறு கோடியில், ஆயிரத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு வருகின்ற கடுமையான மனப் பிறழ்வு இருக்கிறது. எமது மூத்தவர்கள் 'பிரசவச் சன்னி' என்று பயந்தது இதையும் சேர்த்துத்தான். அது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டிய அவசர நிலை. ஓதிய தண்ணீரும் இஸ்மும் கொடுத்துக் காத்திருக்கும் நாட்கள் ஆபத்தானவை. (ஓதுவதைக் குறை சொல்லவில்லை. ஓதிக்கொண்டே வாகனத்தில் ஏற்றலாம்.)

இவை இரண்டுக்கும் நடுவில்தான் எவர் கண்ணிலும் படாத மனச்சோர்வு இருக்கிறது. தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் மனம் போகாமை, தான் ஒரு நல்ல தாயில்லை என்ற குற்ற உணர்வு. பிரசவத்தின் பின் மட்டுமல்ல, வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே இது தொடங்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, வளர்ந்து வரும் நாடுகளில் கர்ப்பிணிகளுள் 15.6 வீதமானோரும், பிரசவித்த தாய்மாருள் 19.8 வீதமானோரும் இத்தகைய உளப் பாதிப்புக்கு ஆளாகின்றனர். அனுராதபுரத்தில் கர்ப்பிணித் தாய்மாரிடையே நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வொன்று அங்கே 16.2 வீதமானோரிடம் இந்தச் சோர்வைக் கண்டது. ஒரு மிஸ்ஸின் பதிவேட்டில் ஐம்பது கர்ப்பிணிகள் இருந்தால் அவர்களில் ஏழெட்டுப் பேர் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இதைச் 'சோம்பல்' என்றும் 'செல்லம்' என்றும் தட்டிக் கழிக்க முடியாது. மனம் சோர்ந்த தாய் கிளினிக்குக்குப் போகும் நாளைத் தவற விடுகிறாள். இரும்புச் சத்துக் குளிசை போத்தலிலேயே கிடக்கிறது. திரிபோஷ வீட்டில் மற்றவர்களுக்குப் போகிறது. பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் என்ற மருத்துவரின் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வு, கர்ப்ப காலத்தில் மனச்சோர்வுற்றிருந்த தாய்மாரின் குழந்தைகள் ஒரு வயதுக்குள் வளர்ச்சியில் பின்தங்கியதையும், அவர்களுக்கு வயிற்றோட்டம் அடிக்கடி வந்ததையும் காட்டியது. தாயின் மனம் பிள்ளையின் தராசில் தெரிகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். கர்ப்ப காலத்திலோ பிரசவத்தின் பின்னோ ஒரு பெண் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டால், அதைத் தாய் மரணக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. அதைக் கர்ப்பத்தின் நேரடி விளைவான மரணமாகவே கணக்கிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012இல் வழிகாட்டியது. மகப்பேற்று மருத்துவத்தில் முன்னேறிய பிரித்தானியாவில், பிரசவத்திற்குப் பிந்திய ஓராண்டுக்குள் நேரும் நேரடித் தாய் மரணங்களில் முன்னிலையில் நிற்பது இதுவே. இரத்தப் பெருக்கை வென்ற பிறகு எஞ்சி நிற்பது எது என்பதை அந்நாட்டின் கணக்கு சொல்கிறது. இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவித் தொலைபேசி இலக்கம் 1926. களுத்துறையில் மருத்துவிச்சி முறை தொடங்கிய ஆண்டும் அதே எண் என்பது தற்செயல்தான். ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்ள வசதியாக இருக்கிறது.

வேலூர்த் தாய்மார் சொன்னது

தமிழ் பேசும் தாய்மாரைப் பற்றிய ஆய்வு என்று தேடினால் முதலில் அகப்படுவது தமிழ்நாட்டின் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நடந்து 2002இல் வெளியானது. 359 கர்ப்பிணிகளைக் கடைசி மூன்று மாதத்தில் சந்தித்து, பிரசவத்தின் பின் மீண்டும் தேடிப் போனார்கள். புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 வீதம். அந்த எண்ணிக்கையை விட, அவர்கள் கண்ட காரணங்களே என்னை நிறுத்தி வைத்தன: குறைந்த வருமானம்; ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிள்ளை பிறந்தது; மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு; கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்ப நிகழ்வுகள்; வேலையில் கைகொடுக்க ஆளில்லாமை.

இதில் எது எமக்குப் புதிது? ஒன்றும் இல்லை. 'பொம்புளப் புள்ளையா, பரவாயில்ல' என்ற ஆறுதல் வார்த்தையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்தப் 'பரவாயில்ல' தாயின் காதில் எப்படி விழுகிறது என்று யோசித்திருக்கிறோமா?

கடைசிக் காரணத்தைச் சற்று ஆழ்ந்து பார்க்கலாம். எமது முஸ்லிம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் என்று ஓர் ஒழுங்கு உண்டு. நிபாஸுடைய காலத்தில் தொழுகை, நோன்பு என்ற கடமைகளிலிருந்தே மார்க்கம் அவளுக்கு விலக்கு அளித்திருக்கிறது. உம்மா வீட்டில் இருந்து, பத்தியச் சோறு தின்று, பிள்ளையை மட்டும் பார்த்துக்கொள்ளும் அந்த நாட்கள், வேலூர் ஆய்வு 'கைகொடுக்க ஆளில்லை' என்று சொன்ன குறையைத் தீர்ப்பவைதான். ஆனால் அதே நாற்பது நாள் ஒரு மூடிய அறையாகவும் ஆகிவிடலாம். உம்மா வெளிநாட்டில் வேலை செய்கிறார் என்றால் அந்தக் கைகள் எங்கே? மொனராகலையிலும் பதுளையிலும் மத்திய கிழக்குக்குப் போன தாய்மாரின் மகள்மார் இப்போது தாங்களே தாயாகும் வயதுக்கு வந்துவிட்டார்கள்.

தோட்டத்துத் தாய்க்கு நாற்பது நாள் என்ற பேச்சு வேறு விதமானது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் அவளுக்கும் உரியது. மூன்றாவது பிள்ளை முதல் விடுமுறையைப் பாதியாக்கிய நிபந்தனை 2018இல் நீக்கப்பட்டு, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாட்கள் என்றானது. சட்டம் நல்லதுதான். ஆனால் 84 நாள் முடிந்த காலையில் பிள்ளையை மடுவத்தில் விட்டுவிட்டு கொழுந்துக்கோ பால்வெட்டுக்கோ போகும்போது, பேர் போடக் குறித்த அளவை எடுக்க வேண்டும். மார்பில் பால் கட்டிக்கொண்டு நிற்கும் தாயின் மனநிலையை எந்தப் படிவம் கேட்கும்?

பத்துக் கேள்வியும் ஒரு மொழியும்

கேட்பதற்குப் படிவம் இருக்கிறது. 1987இல் ஸ்கொட்லாந்தில் கொக்ஸ், ஹோல்டன், சாகோவ்ஸ்கி ஆகியோர் உருவாக்கிய எடின்பரோ அளவுகோலில் பத்தே கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை புள்ளி; மொத்தம் முப்பது. சிரிக்க முடிகிறதா என்பதில் தொடங்கி, தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பதில் முடிகிறது. இது நோயை முடிவு செய்யும் பரிசோதனை அல்ல. யாரை வைத்தியரிடம் அனுப்ப வேண்டும் என்று பிரித்துக் காட்டும் சல்லடை. சிங்கள வடிவம் இலங்கையில் சோதித்துப் பார்க்கப்பட்டது. தமிழ் வடிவம் 2005இல் தமிழ்நாட்டில் சோதிக்கப்பட்டது.

இங்கேதான் எமது மாவட்டத்தின் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. மொனராகலையில் தமிழ் பேசுவோர் சிறு தொகையினர். ஆகவே வீட்டுக்கு வரும் மிஸ் பெரும்பாலும் சிங்களம் பேசுபவர். அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. 'தலை சுத்துதா, கால் வீங்குதா, புள்ள துடிக்குதா' என்று தமிழைத் தாங்களாகவே கற்றுக்கொண்டு பேசுகிற மிஸ்மார் பலர். உடம்புக்கு அந்தத் தமிழ் போதும். மனதுக்குப் போதாது.

ஓர் எடுத்துக்காட்டு. சிங்களத்தில் 'துக' என்றால் மனக் கவலை. அதை நினைத்து 'துக்கமா?' என்று தமிழில் கேட்டால், எமது செவிக்கு அது மையித்து வீட்டை, இழவு வீட்டை நினைவூட்டும். 'யாரும் மௌத்தாகல்ல மிஸ்' என்று பதில் வந்தால் ஆச்சரியமில்லை. புத்தகத் தமிழும் உதவாது. 'மன அழுத்தம் இருக்கிறதா?' என்றால் கிளினிக்கில் அழுத்தம் என்பது கையில் பட்டி கட்டிப் பார்க்கும் பிரஷர்தான். வேலூரில் சோதித்த தமிழையும் அப்படியே எடுத்து வர முடியாது. இந்தியாவில் 'யோசனை' என்றால் ஆலோசனை. நம் நாட்டில் 'ஒரே யோசனையா இருக்கு' என்றால் கவலை தின்கிறது என்று பொருள். ஒரு லயத்துத் தாயிடமோ பக்கினிகஹவெலைத் தாயிடமோ 'ராவைக்கு நித்திரை வருதா, இல்ல யோசிச்சிட்டே படுத்திருக்கீங்களா?' என்று கேட்டால்தான் கதவு திறக்கும்.

மொழி தெரியாதபோது நடுவில் ஒருவர் வருகிறார். அது மாமியாராக இருக்கும், அல்லது பள்ளிக்கூடம் போகும் நாத்தனார்ப் பிள்ளையாக இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், மாமியாரின் வாய் வழியாக, 'உங்களுக்கு மாமியாரால் கவலையா?' என்ற கேள்வி எப்படிப் போய்ச் சேரும்? பத்தாவது கேள்வியை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை மொழிபெயர்க்கலாமா? தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சொல்லிவிட்டது. அந்த வாசகம் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்று பார்க்க நல்ல இடம், ஒரு கர்ப்பிணியின் வாசற்படி.

ராவல்பிண்டியில் நடந்தது

மருத்துவிச்சிமாருக்கு ஏற்கெனவே வேலை கூட, இதையும் சேர்த்தால் தாங்குவார்களா என்று கேட்பவர்களுக்கு, மேலே சொன்ன அதிஃப் ரஹ்மான் குழுவின் அடுத்த ஆய்வைக் காட்டலாம். 2008இல் வெளியான அந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது.

பாகிஸ்தானில் 1994 முதல் கிராமத்துப் பெண்களையே சுகாதார ஊழியர்களாகப் பயிற்றி வீடு வீடாக அனுப்புகிறார்கள். அவர்கள் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள். உளவியல் படித்தவர்கள் அல்லர். ராவல்பிண்டியின் 40 கிராமப் பிரிவுகளில் மனச்சோர்வுற்றிருந்த 903 கர்ப்பிணிகளை இரு கூறாக்கினார்கள். இரு கூறினருக்கும் ஊழியர் போன தடவைகள் ஒரே அளவு: பிரசவத்துக்கு முந்திய மாதத்தில் நான்கு, பிந்திய மாதத்தில் மூன்று, அதன் பிறகு மாதமொன்றாக ஒன்பது. வித்தியாசம் ஒன்றுதான். ஒரு கூறினரிடம் போன ஊழியர்களுக்கு எப்படிப் பேசுவது, எப்படிக் கேட்பது, தாயின் மனதில் உறைந்த எண்ணங்களை எப்படி மெல்ல மாற்றுவது என்பதில் குறுகிய பயிற்சி கொடுக்கப்பட்டிருந்தது. 'உனக்கு மனநோய்' என்று அவர்கள் தொடங்கவில்லை. பிள்ளை நன்றாக வளர என்ன செய்யலாம் என்று தொடங்கினார்கள். அதனால் மாமியாரும் கணவரும் கதவை மூடவில்லை. கூட இருந்து கேட்டார்கள்.

குழந்தைக்கு ஆறு மாதமானபோது, பயிற்சியில்லாத ஊழியர் போன வீடுகளில் 53 வீதமான தாய்மார் இன்னும் மனச்சோர்வில் இருந்தார்கள். பயிற்சி பெற்றவர் போன வீடுகளில் 23 வீதம். மருந்து இல்லை, வைத்திய நிபுணர் இல்லை. அதே படி, அதே பாய், அதே எண்ணிக்கையான வருகை. இந்த முறையை உலக சுகாதார நிறுவனம் 2015இல் கைநூலாக வெளியிட்டது.

எமது மிஸ் 18 மாதப் பயிற்சி பெற்றவர். பிரசவித்த முதல் பத்து நாட்களுக்குள்ளேயே வீட்டுக்கு வருபவர். ராவல்பிண்டி ஊழியருக்கு முடிந்தது அவருக்கு முடியாது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவருக்கு நேரம் வேண்டும். பதிவேடுகளை நிரப்பவே பாதி நாள் போகிறது என்றால், பாயில் உட்கார்ந்து கேட்பதற்கு எங்கே நேரம்? புதிய படிவம் ஒன்றைக் கையில் திணிப்பதற்கு முன் பழைய படிவம் இரண்டைக் குறைத்தால் நல்லது.

மர்யம் (அலை) அவர்களின் தனிமை

இறுதியாக எமது வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஒரு வார்த்தை. அழுகின்ற தாயைப் பார்த்து 'ஈமான் குறைஞ்சாத்தான் இப்படி வரும்' என்பார்கள். அல்குர்ஆனின் 19ஆவது ஸூராவைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. பெண்களில் உயர்ந்தவராகப் போற்றப்படும் மர்யம் (அலை) அவர்கள், பிரசவ வேதனையில் தனியாக ஒரு பேரீச்சை மரத்தடியில் இருந்தபோது, இதற்கு முன்பே தான் மரணித்து மறக்கப்பட்டிருக்கக் கூடாதா என்ற பொருள்பட வருந்தியதை இறைவசனம் மறைக்கவில்லை. அதற்கு வந்த பதிலில் கண்டனம் இல்லை. கவலைப்பட வேண்டாம் என்ற குரல், காலடியில் நீரோடை, உலுக்கினால் விழும் பழம், உண்டு பருகிக் கண் குளிர்ந்திருக்கும்படி ஒரு சொல், மனிதர்களோடு பேச வேண்டியதில்லை என்ற அனுமதி. அந்த வரிசையைக் கவனியுங்கள் சகோதரிகளே. முதலில் ஆறுதல், பிறகு தண்ணீர், பிறகு உணவு. ஊரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அவரிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

மருத்துவிச்சிப் பயிற்சிக்கான விண்ணப்பங்கள் அரசாங்க வர்த்தமானியில் கோரப்படுகின்றன. எமது உயர்தர வகுப்பில் எதிர்கால விருப்பத்தை எழுதச் சொன்னபோது டாக்டர், ஆசிரியை, சட்டத்தரணி, வங்கி முகாமையாளர் எல்லாம் வந்தன. மருத்துவிச்சி மட்டும் வரவில்லை. தமிழில் கேட்கத் தெரிந்தவர்கள் அந்த வகுப்பில் முப்பது பேர் இருந்தோம்.